ஊர் அனர்த்தக் குழுவுக்கு எந்த வண்டி? திருகோணமலையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை நெருங்கும்போது, அவசர வேளையில் ஆளையும் பொருளையும் எதில் ஏற்றுவது என்ற கேள்வி திருகோணமலை மாவட்டத்தின் கிராம மட்ட அனர்த்த முகாமைத்துவக் குழுக்களில் எழுவது இயல்பு. குழுவின் கையில் இருக்கும் பணம் பெரும்பாலும் சிறியது. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் அனுப்பியதாகவோ, ஒரு தொண்டு நிறுவனம் தந்ததாகவோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாகம் ஒதுக்கியதாகவோ அது இருக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு முச்சக்கர வண்டி வாங்கலாம் என்பார் ஒருவர்; இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போதும் என்பார் இன்னொருவர்; வெள்ளத்தில் ஓடுவது உழவு இயந்திரம் மட்டுமே என்று விவசாயிகளும், படகு இல்லாமல் எதுவும் நடக்காது என்று மீனவர் சங்கத்தினரும் சொல்வார்கள். துவிச்சக்கர வண்டியின் பெயரை எவரும் எடுப்பதில்லை. அது எல்லா வீட்டிலும் இருப்பதால், ஒரு வளமாக எவர் கண்ணிலும் படுவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது வாசிப்பவருக்கு உதவும். இந்த மாவட்டத்தின் பெரும்பாலான கரையோர ஊர்களில், குழு புதிதாக எந்த இயந்திர வண்டியையும் வாங்க வேண்டியதில்லை. ஊரில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிள்களைப் பதிவு செய்து, அவற்றைச் சுமைக்கும் இரவுக்கும் ஏற்றவையாக ஆக்கி, ஓட்டுபவர்களைப் பழக்குவதற்குப் பணத்தின் பெரும்பகுதியையும், உழவு இயந்திரக்காரருடனும் படகுக்காரருடனும் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒழுங்குக்கு மீதியையும் செலவிடுவதே சரியானது. மகாவலியின் கழிமுகத்தை அண்டிய ஊர்களில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

எந்த வண்டி தகும் என்பதை வண்டியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வீதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நகரிலிருந்து வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று கரையோரமாக ஒரே பிரதான வீதிதான் ஓடுகிறது. அதன் ஒரு புறம் கடலும், பல இடங்களில் மறு புறம் களப்பும் உப்பங்கழியும் இருக்கின்றன. தெற்கே கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் வீதி பாலத்துக்குப் பாலம் தாவிப் போகும் வீதி. 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அங்கே படகுப் பாதை எனப்படும், ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவையில்தான் கடந்தோம் என்பதை நடுவயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலம் இல்லாத ஆற்றுத்துறை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போனதே சாட்சி. இத்தகைய நிலத்தில் ஒரு மதகு உடைந்தாலும், ஒரு மரம் குறுக்கே விழுந்தாலும், வடக்கிலும் தெற்கிலும் ஊர்கள் தனித்தனித் தீவுகளாகிவிடுகின்றன. அப்போது ஊருக்குள்ளேயே இருப்பதைக் கொண்டுதான் முதல் இரண்டு மூன்று நாட்களைச் சமாளிக்க வேண்டும்.

அனர்த்தங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் கடல் நம் கரையில் ஏறியது; அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை சொல்ல நாட்டில் எந்த ஒழுங்கும் இருக்கவில்லை. அதற்குப் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும், 117 என்ற அவசர இலக்கமும் வந்தன. சூறாவளி வேறு வகை: 1964 டிசம்பரில் திருகோணமலையையும் வடபகுதியையும் உலுக்கிய சூறாவளியை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி குச்சவெளிக்கு அருகே கரையைக் கடந்தபோது, அது வரப்போவது முன்னரே தெரிந்திருந்தது. மூன்றாவது வகை ஆற்று வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாட்டில் கொட்டி மகாவலியில் இறங்கியபோது, மாவிலாற்றுக் கட்டு உடைந்து சேருவில, மூதூர், வெருகல் பகுதிகளின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. கடற்கோள் தரும் அவகாசம் மணிக்கணக்கில்; சூறாவளி தருவது நாட்கணக்கில். வெள்ளத்தின் கதை வேறு: வரும் என்று தெரிந்தாலும் எந்த ஒழுங்கைக்குள் எத்தனை அடி ஏறும் என்று தெரியாது.

ஆகவே ஒவ்வொரு வண்டியையும் மூன்று வேளைகளில் வைத்துப் பார்க்க வேண்டும்: அனர்த்தத்துக்கு முந்திய வேளை, அது நடக்கும் வேளை, அதன் பின்னான நாட்கள்.

முந்திய வேளை: செய்தி கொண்டு போவது

எச்சரிக்கையை ஊரெல்லாம் சொல்வதற்கு எது வேகமானது என்று கேட்டால், நேர்மையான விடை சைக்கிள் அல்ல. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரு நொடியில் சொல்லிவிடுவதை, எந்த வண்டியும் அந்த வேகத்தில் சொல்ல முடியாது. கரையோரத்தில் நிறுவப்பட்ட சுனாமி எச்சரிக்கைக் கோபுரங்களும் அதற்காகவே உள்ளன. ஆனால் காற்றுக்கு எதிர்த்திசையில் இருக்கும் குடியிருப்பு, களப்புக்கு அப்பால் உள்ள வாடி, கரை வலைத் தொழிலாளர் தங்கும் குடில்கள், காது கேளாத முதியவர் தனியாக இருக்கும் வீடு என்று ஒலி எட்டாத இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேலும், ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டவர்கள் எல்லோரும் எழுந்து போவதில்லை. அறிந்த முகம் ஒன்று வாசலில் வந்து நின்று “அம்மா, பெட்டியை விடுங்கோ, மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ” என்று சொன்னால்தான் பலர் நகர்வார்கள்.

வாசல் வாசலாகப் போகும் இந்த வேலையில் முச்சக்கர வண்டி தோற்றுப்போகிறது. ஒழுங்கைகள் அதற்கு ஒடுக்கமானவை. கடற்கரை மணலில் அதன் சிறிய சில்லுகள் புதைகின்றன. ஓட்டுபவர் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் நன்றாகவே செய்யும், ஒரு நிபந்தனையுடன்: பெற்றோல் இருக்க வேண்டும், அதுவும் அந்த நேரத்தில் அதன் உரிமையாளர் தன் குடும்பத்தை அதில் ஏற்றிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, கரையோர மக்களை வெளியேறுமாறு அறிவிக்கப்பட்ட பிற்பகலை நினைத்துப் பார்ப்போர் இதை ஏற்றுக்கொள்வார்கள். அப்படியான நேரத்தில் வீட்டில் உள்ள ஒரே மோட்டார் வண்டியைப் பொதுப் பணிக்குத் தா என்று கேட்பது நியாயமும் அல்ல, நடக்கக்கூடியதும் அல்ல. சைக்கிளைக் கேட்கலாம். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில், இடையிடையே நின்று நின்று போனாலும், ஒருவர் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஒழுங்கைகளை முடித்துவிடுவார். ஊரை ஆறு பிரிவாகப் பிரித்து ஆறு பேர் போனால், நிலாவெளி அளவுள்ள ஊரின் ஒலி எட்டாத பகுதிகள் அனைத்தையும் கடற்கோள் தரும் அவகாசத்துக்குள்ளேயே சுற்றி வர முடியும். சுற்றியவர்கள் தாங்களும் உயரத்துக்குப் போக நேரம் மிஞ்சும். அந்த நேரத்தை முன்கூட்டியே வரையறுத்து, இந்த நிமிடத்துக்குப் பிறகு எவரும் கரைப்பக்கம் திரும்பக் கூடாது என்று கண்டிப்பாக எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு வெளியுலக உதாரணமும் இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் பெரும் சூறாவளியில் வங்கக் கரையில் இலட்சக்கணக்கானோர் மடிந்த பின்னர், 1972இல் பங்களாதேசத்தில் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய சூறாவளி ஆயத்தத் திட்டம் இன்றும் தொண்டர்களை நம்பியே இயங்குகிறது. அவர்கள் கொடியேற்றி, கையால் சுழற்றும் சைரனையும் கை ஒலிபெருக்கியையும் எடுத்துக்கொண்டு, நடந்தும் சைக்கிளிலும் வீடு வீடாகப் போகிறார்கள். தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். கோபுரமும் செய்மதியும் வந்த பின்னரும் அந்த நாடு இந்த ஒழுங்கைக் கைவிடவில்லை என்பது நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

நம்மூரில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர் யார் என்று கேட்டால், நான் தயங்காமல் மீன் வியாபாரியைச் சொல்வேன். கரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, கன்னியா வரைக்கும் தம்பலகாமம் வரைக்கும் போய் விற்று வரும் அந்த மனிதருக்கு, எந்த ஒழுங்கை எங்கே முடிகிறது, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வேலிக்குள் எந்த நாய் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். அவருடைய சைக்கிள் ஏற்கனவே பலப்படுத்தப்பட்டது: தடித்த கம்பிக் கரியர், இரட்டைக் கால் ஸ்டாண்ட், சத்தமான ஹோர்ன். விறகு ஏற்றி விற்பவரும் இவ்வகையினரே. அனர்த்தக் குழுக் கூட்டத்துக்கு அதிபரையும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரையும் அழைக்கும் நாம், இவர்களை அழைப்பதில்லை. இந்த ஆண்டு அழைக்க வேண்டும்.

நடக்கும் வேளை: சைக்கிளை விட்டுவிட வேண்டிய நேரம்

சைக்கிளின் மீது எனக்குள்ள பற்று காரணமாக அதன் எல்லையை மறைப்பது ஆபத்தானது. சூறாவளிக் காற்று எழுந்த பின் சைக்கிளில் எவரும் போகக் கூடாது. தென்னை ஓலையும் கூரைத் தகடும் பறக்கும் வீதியில் இரண்டு சில்லில் நிற்பவர் மீட்பவராக இருக்க முடியாது. புரெவி போன்று இரவில் கரையேறும் புயலுக்கு, செய்தி சொல்லும் சுற்றெல்லாம் அன்று பகலிலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஓடும் வெள்ளம் அதைவிட ஏமாற்றக் கூடியது. கணுக்காலுக்குச் சற்று மேலே, அதாவது 15 சென்ரிமீற்றர் அளவில் வேகமாக ஓடும் நீர்கூட வளர்ந்த ஒருவரின் காலை வாரிவிடும். 30 சென்ரிமீற்றர் நீர் சிறிய காரை மிதக்க வைக்கும் என்பது வெள்ளப் பாதுகாப்புப் பயிற்சிகளில் முதலில் சொல்லப்படுவது. நிற்கும் நீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம். ஓடும் நீரில் உருட்டவும் கூடாது. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் இங்கே சைக்கிளைவிட மேலானவை அல்ல. புகைக்குழாயிலோ காற்று இழுக்கும் வாயிலோ நீர் புகுந்தால் நடுவழியில் நின்றுவிடும், நின்றதைத் தள்ளிக் கரை சேர்க்க நாலு பேர் வேண்டும். இந்த வேளையில் உதவுவது இரண்டுதான்: உயர்ந்த பின்சில்லு கொண்ட உழவு இயந்திரம், அதற்கும் எட்டாத ஆழத்தில் மீனவரின் வெளியிணைப்பு இயந்திரப் படகு. லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இரு சில்லு உழவு இயந்திரம் வயல் சேற்றுக்காகவே செய்யப்பட்டது. பெட்டியோடு பூட்டினால், முழங்கால் அளவு நிற்கும் நீரில் ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு வரும்.

நோயாளியை ஏற்றுவதிலும் சைக்கிளை நம்பக் கூடாது. முதுகெலும்பு அடிபட்டவரையோ, பிரசவ வலி எடுத்தவரையோ பாரில் உட்கார வைத்துக் கொண்டுபோவதை, வேறு வழி இல்லாத யுத்த காலத்தில் நாம் செய்தோம். இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் நோயாளர் காவு வண்டி இருக்கும்போது அதைச் செய்யக் கூடாது. அந்த வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் எது, அது வரை நோயாளியைத் தூக்கிச் செல்வோர் யார் என்பதைத் தீர்மானித்து, ஒரு சைக்கிள்காரரை வீதி முனைக்கு அனுப்பி வண்டிக்கு வழி காட்டச் செய்வதே நல்ல ஒழுங்கு. உள்ளூர் ஒழுங்கைகளில் வழி தெரியாமல் வெளியூர்ச் சாரதி திணறும் நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

பின்னான நாட்கள்: இங்கேதான் சைக்கிளின் மதிப்பு

வீதியில் மரங்கள் கிடக்கின்றன; மின்சாரம் இல்லை; மின்கலம் தீர்ந்த கைத்தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன; பெற்றோல் நிலையத்தில் வரிசை, அல்லது பவுசர் (தாங்கி லொறி) வந்து சேராததால் பூட்டு. நலன்புரி நிலையமாகிய பாடசாலையில் எத்தனை பேர், அதில் எத்தனை கைக்குழந்தைகள், யாருக்கு எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்ற விபரம் கிராம உத்தியோகத்தருக்கும், அவரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். இந்த நிலையில் ஏனைய வண்டிகள் எல்லாவற்றையும் சைக்கிள் முந்துகிறது. சாதாரண சைக்கிளின் எடை 20 கிலோவுக்கு உட்பட்டது. குறுக்கே கிடக்கும் பனையின் மேலால் ஒருவர் தனியாக அதைத் தூக்கிக் கடத்திவிடலாம். 100 கிலோவைத் தாண்டும் மோட்டார் சைக்கிளை அப்படித் தூக்க முடியாது. பாலத்தின் அணுகு பாதை அரிக்கப்பட்டு ஒரு பலகை மட்டும் போடப்பட்டிருந்தாலும் சைக்கிள் கடந்துவிடும்.

எரிபொருள் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 2022ஆம் ஆண்டில் நாம் எல்லோரும் பட்டோம். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கிடைத்தது. அதற்கு முந்திய வாரங்களில் அதுவும் நிச்சயமில்லாமல் இருந்தது. அந்த மாதங்களில் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன, புதியவற்றின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறின. எரிபொருள் நெருக்கடியும் சூறாவளியும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டுப் பார்ப்பது ஒரு குழுவின் கடமை.

சுமையில் சைக்கிளால் எவ்வளவு முடியும் என்பதைக் கணக்கிட்டே சொல்ல வேண்டும். அனர்த்த நிவாரணத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் ஸ்பியர் கைநூல், குடிப்பதற்கும் உணவுக்கும் மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லீற்றர் நீர் தேவை என்றும், எல்லாத் தேவைக்கும் சேர்த்துக் குறைந்தது 15 லீற்றர் வேண்டும் என்றும் சொல்கிறது. 20 லீற்றர் கான் ஒன்று 20 கிலோ. பலமான கரியரின் இரு பக்கமும் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் சமதரை வீதியில் போகலாம். அந்த 40 லீற்றரில் ஏறத்தாழப் பதின்மூன்று பேருக்கு ஒரு நாள் குடிநீர் கிடைக்கும். குளிக்கவும் கழுவவும் சேர்த்தால் மூன்று பேருக்கே போதாது. முந்நூறு பேர் தங்கிய முகாமுக்கு முழு நீரையும் சைக்கிளில் கொண்டு வருவது வீண் முயற்சி, அது பவுசரின் வேலை. ஆனால் பவுசர் வராத முதல் நாளில், வீட்டை விட்டு வர மறுத்த முதியவர்களுக்கும், முகாமுக்கு அப்பால் தனித்துப்போன ஏழெட்டுக் குடும்பங்களுக்கும் குடிநீரும் குளோரின் மாத்திரையும் பால்மாவும் கொண்டுபோவது சைக்கிளுக்கு உரிய வேலை. அதுபோலவே நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகள் எடை குறைந்தவை, அவசரம் கூடியவை. ஒரு குளிர்ப்பெட்டியில் இன்சுலினை வைத்து வைத்தியசாலையிலிருந்து எடுத்து வர சைக்கிளைவிட உறுதியான வழி அந்த நாட்களில் இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிகளைப் பார்க்கச் சுற்றி வருவதற்கும் அப்படியே.

சைக்கிளுக்குப் பின்னால் பூட்டும் இரு சில்லுப் பெட்டி ஒன்றிருந்தால் சுமை இன்னும் கூடும். பழைய சைக்கிள் சில்லுகள் இரண்டையும் கோண இரும்பையும் கொண்டு ஊர் ஒட்டுவேலைக் கடையிலேயே இதைச் செய்விக்கலாம். தார் வீதியில் இது ஒரு பெரிய உதவி, மணலில் பயனில்லை. ஆகவே ஓர் ஊருக்கு இரண்டு போதும்.

எந்தச் சைக்கிள்?

இப்போது சைக்கிள்களுக்குள்ளேயே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. கியர் உள்ள மலைச் சைக்கிள் பார்வைக்கு வலிமையாகத் தெரிந்தாலும், பலவற்றில் கரியர் இல்லை, மட்கார்ட் இல்லை; சேறும் உப்பும் படிந்த கியர்த் தொகுதியைத் திருத்த ஊர்ச் சைக்கிள் கடையில் பாகமும் கிடைக்காது. மின்சாரச் சைக்கிள் சுமையோடு தூரம் போக அருமையானது, ஆனால் மின்சாரம் அற்ற நான்காம் நாளில் அது வழமையைவிடப் பாரமான ஒரு சைக்கிள் மட்டுமே. சூரியத் தகட்டில் மின்னேற்றும் வசதி ஏற்கனவே உள்ள இடத்தில் ஒன்று இருக்கலாம். குழுவின் பணத்தில் வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊர்களில் ஓடும் லுமாலா வகைச் சாதாரண சைக்கிளே முதலிடம் பெறுகிறது. அதிலும் பார் இல்லாத பெண்கள் சைக்கிளை நான் மேலாகச் சொல்வேன்: பின்னால் உயரமாகச் சுமை கட்டியிருக்கும்போது காலைத் தூக்கிப் போடாமல் ஏறி இறங்கலாம், சேலையோ ஹபாயாவோ உடுத்தவரும் ஓட்டலாம், ஆண்களும் ஓட்டலாம். வீட்டுக்குள் போய்த் தாய்மாரிடம் பேசி அவர்களை வெளியே அழைத்து வருவது பெண் தொண்டருக்கே எளிது என்பதால், பாடசாலைக்கும் வேலைக்கும் நாள்தோறும் சைக்கிளில் போகும் நம் பெண்களைப் பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

புதிதாக வாங்கிப் பூட்டி வைப்பதா, இருப்பதைப் பதிவு செய்வதா என்பதே அடுத்த கேள்வி. ஒரு பழைய முச்சக்கர வண்டியின் விலைக்கு இருபதுக்கு மேற்பட்ட புதிய சைக்கிள்கள் வாங்கலாம் என்பது உண்மை. ஆயினும் சனசமூக நிலையத்தின் அறையில் பூட்டி வைக்கப்படும் இருபது சைக்கிள்களும் ஒரு மாரி முடிவதற்குள் ரயர் வெடித்து, செயின் இறுகி நிற்கும். நாள்தோறும் ஓடும் சைக்கிள்தான் அவசரத்துக்கு ஓடும். 2004 கடற்கோளின் பின்னர் அமெரிக்கத் தம்பதியர் ஒருவர் தொடங்கிய ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’ என்னும் அமைப்பின் முதற் பணியே இலங்கையில் நடந்தது. உதவி நிறுவனமொன்றுடன் சேர்ந்து 24,000க்கு மேற்பட்ட சைக்கிள்களை அது பாதிக்கப்பட்ட மக்களுக்கு வழங்கியது. அவை களஞ்சியத்துக்குப் போகாமல் தொழிலுக்கும் பள்ளிக்கும் போக வேண்டியவர்களின் கைக்கே போனதால்தான் அந்தப் பணி பயன் தந்தது என்று நான் கருதுகிறேன். குழு புதிய சைக்கிள் வாங்குவதாயின், அவசரத்தில் பணிக்கு வருவேன் என்று ஒப்புக்கொள்ளும் மீன் வியாபாரிக்கோ, முன்பள்ளி ஆசிரியைக்கோ, உயர்தர மாணவிக்கோ அதைச் சொந்தமாகவே கொடுத்துவிட வேண்டும்.

இடத்துக்கு இடம் மாறும் தீர்ப்பு

சாம்பல்தீவு முதல் புல்மோட்டை வரையான வடகரையில் என் பரிந்துரை மேலே சொன்னதே: பணத்தின் முக்கால் பங்கு சைக்கிள் ஒழுங்குக்கு. நகரத்தில், வீதிகள் பல வழியாகப் பிரிவதாலும் வைத்தியசாலையும் மாவட்டச் செயலகமும் அருகிலிருப்பதாலும், தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை. விளையாட்டுக் கழகங்களின் இளைஞர்களைப் பதிவு செய்தாலே போதும்.

மூதூர், கிண்ணியாவின் ஆற்றுப் பக்க ஊர்கள், ஈச்சிலம்பற்று, வெருகல் ஆகிய இடங்களில் படகுக்கே முதலிடம். அங்கே நீர் நாட்கணக்கில் நிற்கிறது, ஒழுங்கையே ஆறாகிறது. ஓரிரு படகுகளுக்கு இயந்திர எண்ணெயும், ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் இல்லாவிட்டாலும் மீட்பவருக்கும் பிள்ளைகளுக்குமாவது உயிர்காப்பு அங்கிகளும், நீளக் கயிறும் வாங்குவதில் முதற் பணம் போக வேண்டும். அடுத்தது உழவு இயந்திரக்காரருடன் டீசலுக்கான உடன்பாடு. சைக்கிள் அங்கே மூன்றாமிடம், ஆனால் நீர் வடிந்த அன்றே முதலிடத்துக்கு வந்துவிடும். ஆகவே வெள்ளம் வருமுன் சைக்கிள்களை எந்த மேட்டில், எந்தப் பாடசாலையின் மாடியில் ஏற்றி வைப்பது என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிளின் அச்சுகளில் கிறீஸ் கழுவிப் போய் மண் புகுந்துவிடுகிறது. கடல்நீரானால் செயின் சில நாட்களிலேயே துருவேறி இறுகும். நன்னீரில் கழுவி, குண்டுகளைத் துடைத்து, புதுக் கிறீஸ் அடைத்தால் பெரும்பாலானவை மீளும்.

வடகரை ஊரொன்றின் குழு சைக்கிள் வழியைத் தேர்ந்தெடுத்தால், பணம் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவான ஒவ்வொரு சைக்கிளுக்கும் தடித்த கரியரும் இரட்டைக் கால் ஸ்டாண்டும், புதிய பிரேக் கட்டைகளும், மின்கலம் தேவைப்படாத டைனமோ விளக்கும், ஒளி தெறிக்கும் பட்டியும். பிரிவுக்கு ஒரு கை ஒலிபெருக்கியும் விசிலும் மழை அங்கியும். ஊருக்கு நாலைந்து பம்புகளும், ஒட்டுத்துண்டு, சொலூஷன், ரியூப், ரயர், செயின் ஆகியவற்றின் இருப்பும். அந்த இருப்பை ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடமே கொடுத்து, அவர் நாளாந்தம் விற்று மீண்டும் நிரப்பிக்கொண்டிருக்கும்படி உடன்பட்டால், ரப்பர் பழுதாகாமல் எப்போதும் புதியதாக இருக்கும். தொண்டருக்குக் காயம் ஏற்பட்டால் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுத் தொண்டரை அனுப்புவது அவருக்குச் செய்யும் அநீதி.

பயிற்சியை ஒரு போட்டியாக நடத்தினால் இளையோர் வருவார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2012 முதல் சுமைச் சைக்கிள்களில் நிவாரணப் பொருள் ஏற்றி, தடைகளைக் கடந்து, குறித்த இடங்களில் ஒப்படைத்து வரும் போட்டி ஒன்று நடத்தப்பட்டிருக்கிறது. நம் ஊரில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் சைக்கிள் ஓட்டம் ஏற்கனவே உண்டு. மெதுவாக ஓட்டும் போட்டியும் உண்டு. அதோடு, இரண்டு கான் நீரைச் சிந்தாமல் கொண்டு வருவது, விழுந்த மரத்தின் மேலால் சைக்கிளைக் கடத்துவது, இருட்டில் ரியூப் ஒட்டுவது, பத்து வீடுகளுக்குச் செய்தி சொல்லி அவ்வீடுகளில் உள்ளோரின் எண்ணிக்கையைச் சரியாகக் கொண்டு வந்து கொடுப்பது ஆகியவற்றையும் சேர்க்கலாம். பரிசாக ரயர் கொடுக்கலாம்.

பதிவேட்டைப் புரட்டாதி முடிவதற்குள் தயாரித்து, அதன் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்றைச் சைக்கிள் கடையிலும் வைக்க வேண்டும். பெயர், ஒழுங்கை, சைக்கிளின் வகை, யார் எந்தப் பிரிவுக்குப் பொறுப்பு, அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்றாள் யார் என்பவை அதில் இருந்தால் போதும். உயர்தரம் முடித்து வெளியூர் போகும் பிள்ளைகளும் வெளிநாடு போகும் இளைஞர்களும் ஆண்டுதோறும் பட்டியலிலிருந்து குறைவதால், ஒவ்வொரு மாரிக்கு முன்பும் வீடு வீடாகப் போய் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுற்றையும் சைக்கிளிலேயே, எச்சரிக்கைக்குக் குறித்த அதே பிரிவுகளின்படி, நேரம் குறித்துப் போய் வருவது நல்லது.